மீன் மேலே வரும்வரை

லீவில் வந்திருக்கும் நம் பிள்ளை ரமேஷ் நேற்று என்னை ஓணக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். மைதானத்தில் இந்த வருஷமும் மீன் பார்க்கக் கண்ணாடிச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். வாசல் திரையை விலக்கியதுமே அந்த வாடை வந்தது. பாசித் தண்ணீரும் ஈரமான பிளாஸ்டிக் புல்விரிப்பும் சேர்ந்த வாடை. நீங்கள் போன பிறகு நான் அங்கே காலெடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை.

கரமனைத் தெருவுக்கே நாம் ஒரு வேடிக்கை அல்லவா? முட்டைகூட வாசல் தாண்டாத வீடு. மீன் பார்க்க மட்டும் வருஷம் தவறாமல் ஓட்டம். சாலைக் கடையில் நாள் முழுக்கக் கணக்கெழுதிய களைப்பெல்லாம் அந்தத் தொட்டிகளின் முன்னால் உங்களுக்குப் பறந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் எவராவது, "சாரே, இது கறி வெச்சா ருசியுண்டோ?" என்று கட்டாயம் கேட்பார். "ஞான் வெஜிட்டேரியன் ஆணே! மீனோடு தன்னே கேக்கணும்" என்று மீனிடமே கேட்கச் சொல்லிவிடுவீர்கள். ஒரு வருஷம் ஒரு தொட்டியில் தட்டை தட்டையாகப் பெரிய மீன்கள். பலகையில் 'பாக்கு' என்று பெயர் போட்டிருந்தது. "பாக்கு இங்கே இருக்கு, வெத்தலை எங்கேடி?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அது பழமும் கொட்டையும் தின்கிற மீன் என்று காவலாளி சொன்னதும் ஒரே குதூகலம். "சைவம்டி! நம்மாத்து மனுஷா!" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "போறுமே, வாங்கோ" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

கடைசியாக நாம் போனபோது அந்தச் சிரிப்பு இல்லை. உங்கள் நுரையீரல் இறுகிக்கொண்டே வந்த காலம் அது. நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அரபைமா தொட்டியின் முன்னால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உங்களை உட்காரவைத்தேன். ஆள் உயரத்தைவிட நீளமான மீன். தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும், அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்காவிட்டால் அதற்கு உயிர் தரிக்காது. அதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். காத்திருந்தோம். மீன் அடியிலேயே அசையாமல் கிடந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "நேக்கு முடியாமப் போனா தொண்டைல குழாயைச் சொருகிப் படுக்கப் போடப்படாது. மெஷின் மூச்சு வேண்டாம். நீதான் சொல்லணும். ரமேஷ் சொல்லமாட்டான்."

"என்ன பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா?" என்று சீறினேன்.

"சொல்லுவியா, மாட்டியா?"

அந்த நேரம் பார்த்து மீன் எழும்பி, டொபக்கென்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயிற்று. கூட்டம் கைதட்டியது. அவ்வளவு நேரம் காத்திருந்த நீங்கள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சரி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்த வேளை வந்தபோது ரமேஷ் துபாயிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். டாக்டர் சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, டியூப் இடணோ?" என்று கேட்டாள். "வேண்டா" என்றேன். அவளுக்குப் புரியவேண்டுமே என்று மலையாளத்தில் சொன்னேன். நம் வார்த்தையேதான், கடைசியில் ஒரு 'ம்' குறைவு. ரமேஷ் வந்தபோது உங்கள் கை குளிர்ந்திருந்தது. "நான் வர வரைக்குமாவது வெச்சிருக்கலாமேம்மா" என்றான். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஃபோனில் சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்பதோடு சரி. பெற்ற பிள்ளை ஊரார் பிள்ளை மாதிரி பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

நேற்று அரபைமாவின் முன்னால் நின்றபடி மெல்லக் கேட்டான்: "நான் வந்துண்டிருக்கேன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏம்மா?"

இங்கே வைத்துத்தான் உன் அப்பா என்னிடம் வாக்கு வாங்கினார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரமேஷ் சொல்லமாட்டான் என்று நீங்கள் சொன்னதையும் சேர்த்துத்தான். அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். "ஆமாம்மா. என்னால சொல்லியிருக்க முடியாது" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னால மட்டும் எப்படிம்மா முடிஞ்சது?" என்று கேட்டான்.

அவனிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் மறைப்பானேன்? என்னாலும் முடியவில்லை. வாய்தான் டாக்டருக்குப் பதில் சொன்னது. நெஞ்சு உங்களைப் பார்த்து வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் வாக்குக் கேட்ட அன்றைக்கே அதைச் சொல்லி உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். தைரியமாகச் 'சரி' என்றுவிட்டேன். சொல்லாத அந்த ஒன்று இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது: ஏன்னா, போக வேண்டாம்.