முனி இறங்கி நின்ற இடம்

மே 4, திங்கள்

காலையில் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடம் எடுத்துப் போனேன். முனிக் கல்லைக் காணவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில்தான் போன கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு அவரை வைத்தோம். இப்போது அங்கே குழி மட்டும் இருக்கிறது. தேடிக்கொண்டு இறங்கினால் கீழே சவுக்கு மரத்தடியில் நிற்கிறார். குங்குமம்கூட முழுசாகக் கலையவில்லை.

ஜீவராஜிடம் சொன்னேன். "மழையில சறுக்கியிருக்கும்மா" என்றான். ஆட்டோவைத் துடைத்தபடியே சொன்னான், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற தாய் சொல்வதைவிட மகனுக்கு ஆட்டோ பெரிசு. சறுக்கின கல் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிமிர்ந்தா நிற்கும்?

எனக்கு ஆள் தெரியும்.

மே 5

பொன்னையா. வேறு யார்?

மே 7

மழை. வேலை இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு எவனும் மாற்றிப் பேசக் கூடாது.

ஆறு வற்றினதும், வீட்டுச் சேற்றை அள்ளுவதற்கு முன்னால், முனிக் கல்லைத் தூக்கித் தண்ணீர் வந்து நின்ற கோட்டில் வைக்க வேண்டும். சேவல் அறுத்துப் பொங்கல் வைக்க வேண்டும். முனிக்குக் கீழே எவனும் புதிதாக அடுப்பு மூட்டக் கூடாது. இந்தத் தோட்டத்தின் கட்டு இதுதான். தாத்தா காலத்தில் முனி பாலத்தோரம் இருந்தார். நான் பாவாடை கட்டின வயதில் ஒரு வெள்ளம், கோடி லயத்து வீட்டு வரிசைக்கு ஏறினார். அதற்குப் பிறகு அம்மாவைக் கொண்டுபோன வெள்ளம், சவுக்கு மரத்தடிக்கு வந்தார். ஜீவராஜ் வயிற்றில் இருந்தபோது ஆறு அவர் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. அப்போதெல்லாம் வருஷா வருஷம் வடிகால் கான் வெட்ட ஆள் போடுவார்கள், மழைத் தண்ணீர் மலையில் தங்கித் தங்கி இறங்கும். இப்போது மேலே காடும் இல்லை, கானும் தூர்ந்து போச்சு. போன கார்த்திகையில் வந்தது தண்ணீரே இல்லை, மலை. கல்லும் மரமும் சேறுமாகப் பிள்ளைக்காம்பராக் கூரையை மூடிவிட்டுத்தான் நின்றது.

ஒவ்வொரு தடவையும் முனி ஏறியிருக்கிறாரே தவிர இறங்கினதே இல்லை. இதுதான் முதல் தடவை.

ஏன் இறங்கினார்? ஆளுக்கு ஏழு பேர்ச் அளவு நிலத்தில் அரசாங்க வீடு வரப்போகிறது. சவுக்கு மரத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சமமான தட்டில் கட்டலாம் என்று ஒரு பேச்சு. முனி மேலே இருந்தால் அது முடியாது. அதற்கு மேல் தட்டையான இடம் ஒன்றே ஒன்று. பொன்னையாவின் லீக்ஸ் தோட்டம்.

இதற்கு மேலும் யாராவது எனக்கு விளக்க வேண்டுமா?

மே 10

கோயிலில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். அவன்தான் கமிட்டித் தலைவர், நெற்றி நிறையத் திருநீறு.

"என்ன பொன்னையா, முனிக்குக் கால் வலிச்சுக் கீழ எறங்கிட்டாரோ?"

"வடிவக்கா, நானே இடுப்புக்குப் பெல்ட்டுப் போட்டுக்கிட்டு நடக்குறேன். அந்தக் கல்ல நான் தூக்குனேன்னா என்னையத் தேருல வச்சு இழுங்க" என்றான்.

சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மே 11

இடுப்பு வலி பொய். இன்றைக்கு லீக்ஸ் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனான். சின்னக் கட்டுதான். இருந்தாலும்.

மே 16

மழை விடவில்லை. கல்லை மறுபடி மேலே தூக்கி வை என்று ஜீவராஜைக் கேட்டேன். "தலைவரக் கேக்காம எப்படிம்மா தொடுறது?" என்கிறான். என் மகனையும் கைக்குள் போட்டுக்கொண்டான் பொன்னையா. மருமகள் ஜெயந்தினி ரொட்டி மாவைப் பிசைந்த கையோடு உள்ளே எழுந்து போனாள். அவளுக்கு என்ன வந்தது?

அம்மா ஞாபகமாகவே இருக்கிறது. அன்றைக்கு ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஆட்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாகப் பொன்னையா வந்தான், தோளில் ஆடு. எங்கள் வீட்டுக் காம்பராவில் அம்மா விறகு அடுக்குகிற அட்டலில் ஏறி நின்று கத்துகிறாள். இவன் ஆட்டைக் கொண்டுவந்தான். விடியும்வரை நனைந்து கிடந்தவள் அந்த மாசமே காய்ச்சலில் போனாள். இருபது வயசுப் பையன், தெரியாமல் செய்தான் என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். ஆடு மட்டும் தெரிந்ததே?

மே 23

இன்றைக்கு வெயில் அடித்தது. விறகை மூடியிருந்த என் பழைய படங்குத் துணியை உதறிக் காயப் போட்டேன். தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் இடுப்பில் கட்டினது. உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. விளக்குக் கரி. குங்குமம். அகலமாக, ஒரு கல் கிடந்த அளவுக்கு.

பொன்னையா வீடு புகுந்து என் படங்கைத் திருடி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து போட்டான் என்று நினைக்கப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைக்க முடியும்?

ஜெயந்தினியைக் கூப்பிட்டு விரித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள்.

"அவருதான் மாமி. வெறுங்கையால தொடப் பயம். அதுல சுத்தித்தான் தூக்குனாரு. தொடுறதுக்கு முன்ன விழுந்து கும்பிட்டாரு."

"கும்புட்டுட்டுக் களவெடுத்தானா?"

ஜீவராஜ் சவாரி முடிந்து வந்ததும் படங்கை அவன் முன்னால் போட்டேன். மறைக்கவில்லை.

"தண்ணி இம்புட்டுத் தூரம் வந்துச்சுன்னு தெரிஞ்சா ஆபீஸ்காரங்க இந்தத் தோட்டப் பிரிவே ஆபத்துன்னு எழுதிருவாங்கம்மா. வீடே கெடையாது. இன்னும் எத்தன வருசம் இந்த ஒத்தக் காம்பராவுல கெடக்குறது? ஒங்க பேத்தி நிலக்ஷி சமைஞ்ச புள்ள. உடுப்பு மாத்தணும்னா நான் வெளிய போய் நிக்கிறேன்."

"அதுக்குப் பள்ளத்துல கொண்டுபோய்ப் படுக்க வைப்பியா அவள?"

"அடுத்த வெள்ளம் எப்ப வருமோ! ஒங்களுக்குத் தெரியுமா?"

எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. எதுவரைக்கும் வரும் என்று தெரியும். அவன் பார்த்தது ஒரு வெள்ளம். அதுவும் ஆட்டோவைக் காப்பாற்ற டவுனில் நின்றுவிட்டு மறுநாள் வந்து பார்த்தது.

மே 25

பொன்னையாவுக்குத் தெரியுமா? பாதையில் பார்த்தால் "என்னக்கா, சொகமா?" என்கிறான். தெரிந்துதான் கேட்கிறான். லீக்ஸ் பாத்தி பிழைத்துக்கொண்டது, அவன் ஏன் வாயைத் திறக்கிறான்?

அவன் திறக்க வேண்டாம். நான் திறந்தால்? மகன் தலை குனிவான், வந்த வீடும் போகும், லயமே என்னைத் திட்டும். திறக்காவிட்டால் அந்தத் தட்டில் வீடு எழும்பும். நிலக்ஷி அங்கே தூங்குவாள்.



ஜூன் 2, செவ்வாய்

வீட்டுக்கு இடம் பார்க்க ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். பெரிய ஐயா சிங்களத்தில் கேட்க, கூட வந்த பிள்ளை தமிழில் சொன்னாள். போன வெள்ளம் எதுவரைக்கும் வந்தது?

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "முனி நிக்கிற எடம்தான் சார், சவுக்கு மரம்." இன்னொரு குரல், "அத எறக்கி வச்சதே தலைவருன்னு வடிவக்கா சொல்லிக்கிட்டு இருக்காங்களே!" எல்லாரும் பொன்னையாவைப் பார்த்தார்கள். பாவி மனுஷன், வாயைத் திறந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கம் ஜீவராஜ், ஆட்டோச் சாவியைத் திருகிக்கொண்டு.

பொன்னையாவுக்காக நான் பேச வேண்டிய நாள் வரும் என்று எவனாவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

"அவன் இல்ல. எறக்கினது என் மகன். தண்ணி பிள்ளைக்காம்பராவ மூடுச்சு. எல்லாருந்தானே பாத்தீங்க, ஏன் வாய மூடிக்கிட்டு நிக்கிறீங்க?"

அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொன்னாள். ஐயா தலையை ஆட்டிவிட்டு ஒரு படத்தை விரித்தார். வெள்ளம் நின்ற மறுநாள் வானத்திலிருந்து எடுத்ததாம். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே சேற்றுக் கோடு பளிச்சென்று தெரிகிறது.

"எங்களுக்குத் தெரியும் அம்மா. அந்தத் தட்டுல கட்ட விடமாட்டாங்க" என்றாள்.

"அப்ப எதுக்கு எங்களக் கேட்டீங்க?"

"கேக்கணும்னு விதி இருக்கும்மா."

என்ன விதியோ. எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜீவராஜ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் மேலே ஏறினார்கள். லீக்ஸ் தோட்டத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள், சரிவைப் பார்த்தார்கள், கடைசியில் வீட்டுக்கு அளந்து கட்டை அடித்தார்கள். வீடு இல்லை என்று சொல்லவில்லை. பொன்னையாவின் பாத்திக்குள்ளேதான் முதல் கட்டை இறங்கியது.

ஜூன் 3

ஜீவராஜ் பேசவில்லை. நான் வெளியே போகிற நேரம் பார்த்துச் சாப்பிடுகிறான்.

ஜூன் 6

பொன்னையா முற்றாத லீக்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"எம் மவன்தான்னு தெரியுமா ஒனக்கு?"

"தூக்கிட்டுப் போறப்பவே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பவா போறீங்க? ஆட்டத் தூக்குன நாள்ல இருந்து நான் எதச் சொல்லி நீங்க நம்புனீங்க?"

ஆட்டைப் பற்றி இவ்வளவு வருஷத்தில் அவன் வாயால் பேசினதே இல்லை. அவன் நிமிரவில்லை, பிடுங்கிக்கொண்டே சொன்னான்.

"திரும்பிப் போனேன்க்கா. பாதித் தூரம் போயிட்டேன். கயிறு அந்து போச்சு."

நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன்.

கயிறு அறுந்தது உண்மை. எப்போது அறுந்தது? அவன் ஆட்டோடு கரை ஏறினது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மறுபடி இறங்கினானா? கரையில் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்? அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொய்யாக இருக்கலாம்.

ஜூன் 7

பொய்யாக இருந்தால் இத்தனை வருஷம் ஏன் சொல்லாமல் வைத்திருந்தான்? பொய்யை இவ்வளவு நாள் சும்மா வைத்திருப்பார்களா?

ஆகஸ்ட் 16

மூன்று நாள் அடை மழை. நேற்று ஆறு சவுக்கு மரத்தைத் தாண்டி அந்தத் தட்டில் ஏறிவிட்டு இறங்கியது. வெள்ளம் என்று சொல்கிற அளவுக்குப் பெரிசு இல்லை, முழங்கால் சேறு. ஜீவராஜ் குடையில்லாமல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலில் இருந்து அவனைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

இன்றைக்கு மேலே வீட்டுக்கு இடம் பிரித்தார்கள். தனி வீடு இல்லையாம், இரண்டு இரண்டாக ஒட்டின வீடு. எங்கள் பங்கும் பொன்னையா பங்கும் ஒரே சுவர்! "இந்தக் குலுக்கல்ல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. யாரு சீட்டு எடுத்தது?" என்று கத்தினேன்.

பின்னால் ஜீவராஜ், "நீங்கதானேம்மா எடுத்தீங்க" என்றான்.

ஜூனுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன், பொன்னையா வேறு எதிரில் நிற்கிறான்.

மேசனிடம் போய் நடுச்சுவர் ஒற்றைக் கல்லா இரட்டைக் கல்லா என்று கேட்டேன். ஒற்றைதானாம். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

கேட்கட்டும்.