பதினோரு மணி டம்ளர்

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஐந்தரைக்கு மிக்ஸி போட்டேன். பட்டர் ஃப்ரூட் பாதி, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் எட்டு, ஒரு துண்டு வெள்ளரி, உப்பு. இதற்குப் பெயர் ஸ்மூத்தியாம். பார்த்தால் சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரி இருக்கிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தேன். ஒழுகாமல் ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டும்.

என் வீட்டுக்காரர் தாவீதுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். தொண்டை இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. தண்ணியாக எது கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போய்விடும், அதனால் கெட்டியாக வேண்டும். சர்க்கரை இருக்கிறது, அதனால் அரிசி, ராகி, ஜவ்வரிசி எதுவும் கூடாது. கெட்டியாகவும் வேண்டும், மாவும் கூடாது என்றால் மனுஷி என்னத்தைத்தான் கரைப்பாள்? பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நிஷா மேடம்தான் இந்த வழியைச் சொன்னார். வெள்ளரி மட்டும் என் யோசனை, உடம்புக்குக் குளிர்ச்சி என்று.

28ஆம் தேதி ரிவ்யூ. எடை குறைந்தாலோ சுகர் இப்படியே இறங்காமல் நின்றாலோ மூக்கில் டியூப் போட்டுவிடுவார்கள். போன தடவை போட்டதை அவரே பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டிலோடு கட்டி மறுபடி போட்டார்கள். பேச வரவில்லை, கண்ணால்தான் கெஞ்சினார். அதை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஆகாது.

பிப்ரவரி 5, புதன்

சாயங்காலம் நாலு மணிக்கு சுகர் 286. எப்படி?

நான் இரும்புலியூரில் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனபிறகு அவரைப் பார்த்துக்கொள்வது எல்லம்மா. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறாள். நான் அரைத்து மேஜைமேல் மூடி வைத்துவிட்டுப் போகும் டம்ளரைப் பதினோரு மணிக்குக் கொடுக்க வேண்டும். ஜில்லென்று கொடுத்தால் இருமுகிறார், அதனால் ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை.

"நீங்க வெச்சதத்தான்க்கா குடுக்கறேன்" என்றாள். பிறகு, "அக்கா, அந்த டம்ளரு..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "குடு, அது போதும், நீ ஒண்ணும் ஆராய்ச்சி பண்ண வேணாம்" என்றேன். எனக்கு அலுப்பாக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

291. குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தேன், பிஸ்கட் கவர் ஏதாவது கிடக்கிறதா என்று. வெட்கமாகத்தான் இருந்தது. கிளறினேன்.

"சோறு ஊட்டுனியா?"

"எங்கம்மா சத்தியமா சோறு ஊட்டலக்கா."

சத்தியம் பண்ணுகிறாள், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

288.

பிப்ரவரி 12, புதன்

பர்மிஷன் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் எல்லம்மா. கையில் தாவீதின் டம்ளர். சோற்றைக் குழைய வைத்து மசித்த கஞ்சியை அதில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருக்கிறாள்!

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அரிசி கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"கஞ்சிதானேக்கா, சோறா போட்டேன்? நீங்க வெச்சது தண்ணியாட்டம் பூடுதுக்கா. கெட்டியா இருக்கணும்னு நீங்கதானே..."

"நான் கரண்டி சாய்ச்சுப் பாத்துட்டுதான் வெக்கிறேன். பொய் சொல்லாதே. அந்த மனுஷனைக் கொல்லப் பாக்கிறியா?"

கொல்லப் பாக்கிறியா என்றே கேட்டேன். அவள் டம்ளரை வைத்தாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். கட்டிலிலிருந்து தாவீது "ம்ம்... ம்ம்..." என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வந்தாரோ.

நாளையிலிருந்து அவருடைய அண்ணன் அசரியா அத்தான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பதினொன்றேகாலுக்கு அத்தான் போன். "ஜெயா, ரெண்டு வாய் குடிச்சான், மூச்சு விட மாட்டேங்கிறான், மூஞ்சி நீலமா போவுது!" ஓடினேன். ஆட்டோவில் அவர் தலை என் மடியில். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பஸ்கூட நகரவில்லை. இயேசுவே, இயேசுவே — வேறு வார்த்தையே வரவில்லை எனக்கு. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். மூச்சு வந்தது.

டாக்டர் சொன்னார்: "ரிவ்யூ வரைக்கும் டைம் தரேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா டியூப்தான்மா."

அத்தான் வராண்டாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "நீ வெச்சதத்தானேம்மா குடுத்தேன்."

பிப்ரவரி 15, சனி

லீவு. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் தூங்குகிறார். வழக்கம்போல ஐந்தரைக்கு அரைத்தேன், டம்ளரில் ஊற்றி மேஜைமேல் மூடி வைத்தேன். கொடுக்க அல்ல, பார்க்க.

பதினோரு மணிக்குத் திறந்தேன். மேலே இரண்டு விரல் உயரம் தண்ணீர். கலக்கினேன். கரண்டியைச் சாய்த்தேன். மோர் மாதிரி ஓடியது.

வெள்ளரியை உப்புப் போட்டுத் தயிரில் கலந்து வைத்தால் தண்ணீர் விடாமல் என்ன செய்யும்? கல்யாணமான நாளிலிருந்து பச்சடி செய்கிறேன், சாப்பிட உட்காரும்போதுதான் உப்புப் போடுவேன். எனக்கா தெரியாது? ஸ்மூத்தி என்று இங்கிலீஷில் பெயர் வைத்ததும் புத்தி எங்கே போயிற்று?

தினமும் பதினோரு மணிக்கென்று நான் அவருக்கு வைத்துவிட்டுப் போனது எமனை. கஞ்சி ஊற்றி அதைத் தடுத்துக்கொண்டிருந்தவள் எல்லம்மா. சுகர் ஏறியது அவளால்தான். அவர் இன்று மூச்சு விடுவதும் அவளால்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

எல்லம்மா வீடு பூட்டியிருந்தது. பெருங்களத்தூரில் நாத்தனாரோடு மீன் விற்கிறாள் என்றார்கள். போய் நின்றேன். நிமிரவே இல்லை.

"சங்கராவா, வவ்வாலா?"

"எல்லம்மா, நான்தான்."

"தெரிது. இன்னா மீனு?"

பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். எல்லார் எதிரிலும் சொன்னேன். "அது தண்ணியாதான் ஆவுது. நீ சொன்னது நெஜம். நான் பேசுனது தப்பு, என்னை மன்னிச்சிடு."

அருவாமனையில் மீன் அப்படியே நின்றது. "அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்றாள். அதுதான் முதல் கேள்வி. சொன்னேன். கையைக் கழுவாமலே தலையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் திட்டினாள் பாருங்கள்! "மொத நாளே வாயத் தொறந்தேன். ஆராய்ச்சி பண்ணாதேன்னீங்கோ. கஞ்சி சக்கரைன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? சொல்லிக் குடுத்தா செய்ய மாட்டேனா?"

நின்று வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இது புதுசு.

பிப்ரவரி 18, செவ்வாய்

வந்துவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

வெள்ளரி ஒழிந்தது. அதற்குப் பதில் ஆளிவிதைப் பொடி. நிஷா மேடத்திடம் போனில் கேட்டுக்கொண்டேன். காலையில் நான் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன். பதினோரு மணிக்கு எல்லம்மா அரைத்து, வடிகட்டி, கரண்டி சாய்த்துப் பார்த்து உடனே ஊட்டுகிறாள். சுகர் 174. ஆனால் எடை? வீட்டில் அவரை நிறுத்திப் பார்க்க முடியாது. இன்னும் ஆறு நாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

டியூப் வேண்டாம்!

எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. நிஷா மேடம் அவர் தொண்டையில் விரல் வைத்து நாலு கரண்டி விழுங்க வைத்துப் பார்த்தார். ஒரு இருமல் இல்லை. "யாருங்க இவ்வளவு பொறுமையா ஊட்டுறது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் தாவீது இடது கையைத் தூக்கினார்.

"எல்... லம்... மா."

இந்த மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பெயர். கூட வந்திருந்த எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் அழுதேன். சந்தோஷம்தான். பொறாமையும்தான், என் டைரியில் எனக்கென்ன மறைப்பு? இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மெல்லச் சொன்னேன்: "ஊட்டும்போது என் பேரையும் கொஞ்சம் சொல்லிக் குடு எல்லம்மா."

"ஜெயப்ரியா கஷ்டம்க்கா" என்றாள். "ஜெயான்னு ஆரம்பிக்கறேன்."