ஒரே கதவு எண்ணில் இரண்டு ஏகாம்பரம்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. பாடக்குறிப்பு எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வாக்காளர் பட்டியல் வேலை. எங்கள் தெருவுக்கு நான்தான் பி.எல்.ஓ., வாக்குச்சாவடி நிலை அலுவலர். செத்தவர்கள் பெயரை நீக்கவேண்டும். போன தேர்தலில் அவர்களில் பாதிப் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எப்படி என்று தெருவுக்கே தெரியும்.

சாயங்காலம் பெரிய மாமா வந்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் என்பதால் காபி கொடுத்தேன். வார்டு தேர்தலில் நிற்கப்போகிறவராக மட்டும் வந்திருந்தால் தண்ணீர்கூட கொடுத்திருக்க மாட்டேன்.

"செத்தவங்க உனக்கு இன்னா தொந்தரவு குடுத்துக்கினு இருக்காங்க? நாடு பூரா இப்பிடித்தான் நடக்குது. நீ ஒருத்தி மாத்திடப் போறியா?"

கோபம் வந்துவிட்டது. அவர் எதிரிலேயே பட்டியலை விரித்து, விறுவிறுவென்று செத்தவர்கள் பெயரையெல்லாம் குறித்து முடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். காபியைத் தொடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

படிவங்கள் ஆபீஸில் கொடுத்தாயிற்று. வாங்க: துவரம்பருப்பு, சிவப்பு மை, இவருக்கு மாத்திரை.

ஜூன் 19, வியாழன்

புதிய பட்டியல் ஒட்டிவிட்டார்கள். மதியம் ஏகாம்பரம் பள்ளிக்கே வந்தார். நான்கு வீடு தள்ளி தறி போட்டிருப்பவர். பெரிய மாமாவை எதிர்த்து சுயேச்சையாக நிற்பவர்.

"டீச்சர், என்னைச் சாவடிச்சிட்டீங்களே" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். தாத்தா, கந்தசாமி மகன் ஏகாம்பரம். பேரனும் கந்தசாமி மகன் ஏகாம்பரம். ஒரே கதவு எண். தாத்தா போய் ஒன்பது வருடம். நான் நீக்கியது பேரனை. வயதைப் பார்த்திருந்தால் போதும். என் மகனுக்கே மாமனார் பெயர்தான் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா? அந்தக் கோபத்தில் எங்கே பார்த்தேன்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தேர்தலில் நிற்க முடியாது.

"வேணும்னே செஞ்சீங்கன்னு நான் சொல்லல. தெரு சொல்லுது."



ஜூன் 20, வெள்ளி

அரை நாள் லீவு. தாலுகா ஆபீஸ். "தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுங்க. மெமோ வரும், யோசிச்சுக்கங்க" என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன். அது மட்டும் போதாதாம். இந்த ஏகாம்பரம் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெருக்காரர் இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். நாளை மதியத்தோடு கெடு.

வீடு வீடாகப் போனேன். தெருவில் முக்கால்வாசித் தறிக்குப் பாவு நூலும் பட்டும் கொடுப்பவர் பெரிய மாமா. அவர் நிறுத்தினால் தறி சும்மா கிடக்கும்.

கோடி வீடு: "எங்களுக்கு எதுக்கும்மா."
அடுத்த வீடு: தறியிலிருந்து தலையே நிமிரவில்லை.
மாடி வீடு: "ஏகாம்பரம் நல்ல மனுசன்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.
இஸ்திரிக்காரர்: வருகிறேன் என்றார். அவருக்குத் தறி இல்லை.

ஒருவர் ஆயிற்று. இன்னொருவருக்கு எங்கே போவேன். ஒரு தெருப் பட்டியலைத் திருத்தவே இந்தப் பாடு. இவரிடம் கேட்கவில்லை. இவருக்கே வேலை அண்ணன் கடையில்தான். பயமாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைக்கு என்று நினைத்தேன். "நானும் ஆபீசுக்கு வரேன்" என்றார். இரண்டு நாளில் என்னிடம் பேசியது இதுதான்.

இஸ்திரிக்காரர் கையெழுத்துப் போட்டார். அடுத்து இவர். "ஏகாம்பரத்துக்கு நீங்க யாரு?" என்றார் அதிகாரி. "அதே தெரு சார்." பேனாவை இரண்டு தரம் மாற்றிப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

பெயர் சேர்ந்துவிட்டது. அப்படியே தாத்தாவையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்குத் தனிப் படிவமாம், விசாரணையாம், இனித் தேர்தல் முடிந்துதானாம். ஆக, இந்தத் தடவையும் அவர் ஓட்டுப் போடுவார்.

படி இறங்கும்போது இவர் போன் அடித்தது.

"ஆமாண்ணா. நான்தான் போட்டேன்."

பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். பிறகு கடைச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். "அண்ணன்கிட்ட நீயே குடுத்துட்டு வந்துடும்மா. நான் வரல."