கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

8 ஜூன் 1981, திங்கள், ஆம்பூர்

நான் டீச்சராக இருக்கும் பள்ளி திறந்தாயிற்று. வாசலுக்கு எதிரே பூட்டிக் கிடந்த கடைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். மளிகைக் கடை வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். சாராயக் கடையாம்! எடுத்திருப்பவர் கன்னியப்பன், என் வீட்டுக்காரருடைய கட்சி தோஸ்த். இவருக்கு முன்பே தெரியும். என்னிடம் மூச்சு விடவில்லை.

9 ஜூன்

கோயில் காரியம் பார்க்கிறவர் இதற்குத் துணைபோகலாமா என்று கேட்டேன். "கோயில் வேற, அரசியல் வேற, புஷ்பம். ரெண்டையும் கலக்காதே" என்கிறார். போன தேர்தலில் வேட்பாளரைக் கோயிலுக்குக் கூட்டிவந்து, முன் பெஞ்சில் உட்கார வைத்து, போதகரை ஜெபிக்க வைத்தது யார்? சபைக் காரியதரிசி மோசஸ், சாட்சாத் இவரேதான். அப்போ மட்டும் இன்னாத்துக்குக் கலந்தீங்களாம்?

11 ஜூன்

பேச்செடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆகவே குடும்ப ஜெபத்தில் பிடித்தேன். "ஆண்டவரே, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் குடிகாரர்களைத் தாண்டி வரப்போகிறார்கள். அதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கும் ஒரு சகோதரனின் கண்களைத் திறந்தருளும்." ஜெபத்தில் குறுக்கே பேச முடியாதே! தொண்டையை மட்டும் கனைத்தார். ஆமென் சொல்லவில்லை.

12 ஜூன்

பதில் வந்தது. "கர்த்தாவே, இந்த வீட்டில் ஒருவருக்கு அடக்கமான ஆவியைத் தாரும்." நானும் ஆமென் சொல்லவில்லை. மகள் லில்லிக்குப் பசி; ஆமென் விழுந்தால்தானே சோறு. இரண்டு நாளும் அவள்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

14 ஜூன், ஞாயிறு

போதகரிடம் போனேன். "சபை அரசியல்ல தலையிடாதும்மா. நாம ஜெபிப்போம்" என்றார்.

சரி ஐயா, ஜெபிப்போம்.

17 ஜூன்

லைசென்ஸ் கொடுக்கும் முன் கடையைப் பார்க்க அதிகாரி வந்தார். தாய்மார் கூடிவிட்டோம். தோல் கம்பெனியில் வேலை செய்யும் பட்டம்மாள், பக்கத்து வீட்டு மஹ்பூபி, எல்லோரும். கன்னியப்பன் பக்கத்தில் கட்சித் துண்டோடு இவர். "பொம்பளைங்கள்லாம் கலைஞ்சி போங்க" என்றார் அதிகாரி. பேச வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். "அன்பின் பரலோக பிதாவே..." என்று தானாகத் தொடங்கிவிட்டது.

நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டாராம். கன்னியப்பன் செருப்பைக் கழற்றினாராம். மஹ்பூபிதான் பிறகு சொன்னாள். நான் பிள்ளைகளைப் பெயர் பெயராகச் சொன்னேன். கன்னியப்பனின் பேத்தி செண்பகத்தையும் விடவில்லை. கடைசியில் என் மாமனாரைச் சொன்னேன். குடித்துக் குடித்து, பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் செத்துப்போனாரே, அதை. முடித்தேன்.

அப்புறம் ஒரு ஆமென். இவருடையது.

"சபைக்கும் ஆட்சேபணைதானா?" என்று அதிகாரி இவரைக் கேட்டார்.

"ஆமென் சொல்ட்டேனே சார், இன்னா பண்றது?"

25 ஜூன்

கடை அங்கே வரவில்லை. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று போதகர் சாட்சி சொன்னார். கட்சிக் கூட்டத்துக்கு இவரை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிறு முழுக்கப் பேஜாராக உட்கார்ந்திருந்தார், பாவமாக இருந்தது.

3 ஜூலை

பட்டம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "அந்தக் கட எங்க தெருவுக்கு வந்துட்ச்சி டீச்சர்." என் பள்ளிக்கூட வாசலைப் பற்றித்தானே கேட்டேன், அவள் வாசலை நினைக்கவே இல்லையே! வெட்கமாகிவிட்டது.

இரவு ஜெபம் இவர் செய்தார். "கர்த்தாவே, நாளைக்கு அதிகாரி ஆபீசுக்கு நாங்கள் இருவரும் போகிறோம். என் முழங்கால் உமக்குத் தெரியும், ரொம்ப நேரம் நிற்காது. இவள் ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லும்."

லில்லியை முந்திக்கொண்டு நான் ஆமென் சொன்னேன்.