நாக்ஸோஸ் துறைமுகத்துத் தண்ணீர்

அக்ரீனியோ,
20 செப்டம்பர் 1989

என் பிரியமுள்ள அரிஸ்டீதிஸுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் பூப்போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி கறுப்பை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் மூக்கெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. தீனோஸ் மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போன விதவைக்கு மூக்கு ஏன் உரிகிறது? நல்லவேளை, அசிமீனா அண்ணிக்குக் கண் மங்கல் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட பிறவி நான், பாருங்கள்.

அண்ணி கீழ்வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள். என் முழங்கால் சிராய்ப்பை மட்டும் எப்படியோ பார்த்துவிட்டாள். கூஃபொனீஸி தீவுப் பாறையில் வழுக்கி விழுந்தேனே, நீங்கள்கூட ஆட்டுக்குட்டி மாதிரி விழுகிறாய் என்று சிரித்தீர்களே, அதே காயம். அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? துறைமுகத்திலிருந்து கோயில் வரைக்கும் முழங்காலிலேயே தவழ்ந்து போனேன் என்று. "என் தம்பிக்காகவாடி இப்படித் தவழ்ந்த?" என்று குனிந்து அந்தக் காயத்தில் முத்தம் கொடுத்தாள்.

"தீர்த்தம் எங்கடி?" என்றாள். நாக்ஸோஸ் துறைமுகக் குழாயில் நீங்கள் ஆரஞ்சு பானப் பாட்டிலில் பிடித்த தண்ணீரைக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் ஸ்டாத்திஸ் போய் வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் அவருடைய அக்காவை ஏமாற்றிவிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், சீரோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், கூஃபொனீஸி, நான்கு தீவுகளிலும் கண்ணை மூடினால் வரிசையாக நடந்து வருகிறேன். அதற்காகவும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

உங்கள்
மெல்ப்போ

---

பிரேயஸ்,
29 செப்டம்பர்

என் மெல்ப்போ,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நடுக் கடைத்தெருவில் சிரித்தேன். மீன்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். முப்பது வருஷம் கப்பலில் சமைத்தவன் நான், எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். என் கையால் பிடித்த தண்ணீர் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

நீ சும்மா உன்னையே குத்திக்கொள்ளாதே. நாம் தீனோஸுக்குக் கிளம்பியது நிஜம். புயல்காற்று அடித்தது, கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். காற்றை நானா ஊதினேன்? நிறுத்தியதும் நீ என் கையைப் பிடித்து, "அப்பாடா, இன்னும் ஒரு நாள்" என்றாயே. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சாண்டோரினிக்கு நான் கூப்பிடவில்லை என்று ஒரு குறை சொன்னாய். அங்கே தக்காளிக்குக்கூட நகை விலை சொல்வார்கள் அம்மா. நாக்ஸோஸ் வீட்டுக்காரியின் அடுப்படியில் நான் வறுத்த கத்தரிக்காய்க்கு என்ன குறைச்சல்? சட்டியைத் துடைத்துத் தின்றாய்.

வருஷ நினைவுப் பூசை முடியட்டும். நான் நேராக அங்கே வந்து உன் அண்ணியிடம் பேசுகிறேன். உன் தையல் கடைக்குக் கால்சட்டை சுருக்க வந்தவன், இடுப்பளவு எடுக்கும்போதே மனசை விட்டுவிட்டேன் என்று சொல்கிறேன்.

உன்
அரிஸ்டீதிஸ்

---

அக்ரீனியோ,
24 அக்டோபர்

அன்புள்ள அரிஸ்டீதிஸ்,

ஸ்டாத்திஸின் பூசை ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. பூசையில் பங்கிடும் கோதுமையை நானும் அண்ணியும்தான் வேக வைத்தோம், மேலே சர்க்கரையில் அவர் பெயரின் முதலெழுத்தை நான் எழுதினேன். ஊர் முழுக்க வந்து "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று ஆளுக்கு ஒரு பிடி வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

விஷயம் அது இல்லை. வந்திருந்த பெண்களிடம் அண்ணி பெருமையாகச் சொல்கிறாள்: "மெல்ப்போ கொண்டாந்த தீர்த்தத்தைத் தினமும் கண்ணுல விடறேன். புகை மூட்டமெல்லாம் விலகின மாதிரி இருக்கு. அந்த டாக்டர் மருந்தைத் தூக்கிப் போட்டுட்டேன், சனியன், என்னா எரிச்சல்!"

அது கண்ணில் அழுத்தம் ஏறாமல் இருக்கக் கொடுத்த மருந்து. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார்.

குழாயடியில் நீங்கள் பாதிரியார் குரலில் மந்திரம் பாடியதும், நான் சிரிப்பு தாங்காமல் கயிற்றுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டதும் நினைவுக்கு வந்தது. நான் என்ன செய்யட்டும்?

மெல்ப்போ

---

பிரேயஸ்,
31 அக்டோபர்

மெல்ப்போ,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை இல்லை. இன்றைக்கே சொல்லிவிடு. அடுப்பில் பால் இருந்தால் அணைத்துவிட்டுப் போய்ச் சொல். பழியை என் தலையில் போடு. பிரேயஸ்காரன் ஒருவன் மயக்கினான், அழைத்துக்கொண்டு போனான், குழாயைத் திறந்ததும் அவன்தான் என்று சொல். பொய் இல்லையே, திறந்தது என் கைதான். அவள் என்னைத் திட்டட்டும், காறித் துப்பட்டும். மருந்தைப் போட்டுக்கொண்டால் போதும்.

நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

அரிஸ்டீதிஸ்

---

அக்ரீனியோ,
12 டிசம்பர்

அன்புள்ள அரிஸ்டீதிஸ்,

வராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நானே சொல்லத்தான் போகிறேன்.

இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். "அண்ணி, தீர்த்தம் பாட்டுக்கு இருக்கட்டும், சொட்டு மருந்தையும் போடுங்க. மாதா வேணாம்னா சொல்லப் போறா?" என்றேன். "நீ முழங்கால் தேயத் தவழ்ந்து வாங்கிட்டு வந்திருக்க. அதுமேல நம்பிக்கை இல்லாத மாதிரி நான் நடந்துக்கிட்டா அவளுக்கு ரோஷம் வராதா?" என்றாள்.

பாட்டில் தீர்ந்தால் தானாக மருந்துக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அது தீரவே மாட்டேன் என்கிறது. பாதியானதும் வீட்டுக் குழாயில் பிடித்து நிரப்பிவிடுகிறாள். தீர்த்தம் ஒரு சொட்டு கலந்தாலும் எல்லாமே தீர்த்தம்தானாம். வேறு சமயமாக இருந்தால் இதற்கு நீங்கள் எப்படிச் சிரித்திருப்பீர்கள்.

கோழை என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஸ்டாத்திஸ் இறந்தபோது என் பிள்ளையில்லாத வீட்டில் நாற்பது நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவள் அவள். நான் தூக்கத்தில் அழுதால் கையை நீட்டி என் காலைப் பிடித்துக்கொள்வாள். புகையிலைக் கொட்டடியில் இலை தரம் பிரித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கை என்னை விட்டுவிட்டால் எனக்கு யார்? நீங்கள் இருக்கிறீர்கள், தெரியும். இருந்தாலும் பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். சத்தியமாக.

உங்கள்
மெல்ப்போ

---

பிரேயஸ்,
18 பிப்ரவரி 1990

என் மெல்ப்போ,

கிறிஸ்துமஸ் போயிற்று, புத்தாண்டு போயிற்று, தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா வேஷக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ வராதே என்றாய், நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்று இப்போது படுகிறது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கெட்டவன் என்று பெயர் வாங்காமல் உன்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

இனி கேட்கப் போவதில்லை. ஈஸ்டர் சனிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். வாசலில் நின்று "மெல்ப்போ" என்று கூப்பிடுவேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும். என்னோடு வா. இந்த வீட்டில் இரண்டு ஜன்னல் கடலைப் பார்க்கின்றன, அதில் ஒன்று உனக்கு.

உன்
அரிஸ்டீதிஸ்

---

அக்ரீனியோ,
27 மார்ச் 1990

என் அரிஸ்டீதிஸுக்கு,

அண்ணி போன மாதம் சந்தையில் கைவண்டிமேல் மோதி விழுந்தாள். இடது பக்கமாக வந்த வண்டியைப் பார்க்கவே இல்லை. யானினா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண் பாதி இருக்கிறது, மருந்து விடாமல் போட்டால் அந்தப் பாதி நிற்கும் என்றார்கள்.

திரும்பும் வழியில், பேருந்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை, தீவுகளை, குழாயை. முழங்காலைக்கூட விடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"அந்த ஆளு பேரு என்ன?"

"அரிஸ்டீதிஸ்."

"குடிப்பானா?"

"அளவாத்தான், அண்ணி."

"அடிப்பானா?"

"ஐயோ, இல்ல."

"அப்புறம் எதுக்குடி எங்கிட்ட மாதா பேரைச் சொல்லிட்டுப் போன? போய்ட்டு வரேன் அண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேனேடி, பைத்தியக்காரி!" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். கண்ணுக்காக இல்லை, அரிஸ்டீதிஸ். அவளைப் பார்த்து நான் பயந்தேன் என்பதற்காக அழுதாள். "உன்னை நான் என்னடி பண்ணேன்?" என்று ஊர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது தினமும் என்னை விரட்டுகிறாள். "போடி, போய் அவனோட இரு. மருந்து போட பக்கத்து வீட்டுப் பொண்ணு வருவா." உங்களுக்கு வறுத்த நண்டு பிடிக்குமா என்று கேட்கிறாள். ஈஸ்டருக்கு வருகிறீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான் போக மாட்டேன். அவள் பிடித்து வைத்திருந்தால் மீறிக்கொண்டு வந்திருப்பேன், ஊர் தடுத்திருந்தாலும் வந்திருப்பேன். யாரும் தடுக்கவில்லை, அதனால்தான் முடியவில்லை. காலையில் கை கழுவிவிட்டு அவள் தலையை மடியில் சாய்த்து மருந்து விடுகிறேன். எரிச்சலில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அந்த நேரம் மட்டும்தான் எனக்கு மூச்சு சரியாக வருகிறது.

அந்தத் தீவுகளில் இருந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய் ஆகிவிடும்.

சனிக்கிழமை வராதீர்கள். நீங்கள் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டால், நான் கிளம்பிவிடுவேன்.

மெல்ப்போ