முதல் பெட்டியில் இருந்தது

செவ்வாய்க்கிழமை, மேலகரம்.

குற்றாலத்தில் வெள்ளம் கூடினால் அபாயச் சங்கை ஊதவைக்கும் கணினி நிரலை நானும், அருவிக்கரையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கி அண்ணாச்சியும் சோதித்துவருகிறோம். நிரலுக்குள் மழைமானி, நீர்மட்டமானி எல்லாவற்றையும் ஒரேமாதிரிப் பெட்டிகளில் அடைத்துப் பட்டியலாக்கியிருக்கிறேன். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் அப்படி அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது எந்த வகை என்பது மறைந்துபோகும். 'ஆபத்தா?' என்று மட்டும் கேட்கலாம். எனக்கு அவசரம். முதல் பெட்டியில் நீர்மட்டமானிதான் என்று நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரிடம் அடித்துச் சொல்லி, அதை வலுக்கட்டாயமாகத் திறந்து எடுத்த எண்ணை வைத்தே சங்கு ஊதும்படி எழுதினேன்.

இன்று மதியம் தண்ணீர் ஏறியும் சங்கு ஊதவில்லை.

"சென்சார் போயிருக்கும் அண்ணாச்சி" என்று போனில் சொன்னேன்.

அவர் அதைப் பார்க்கச் சாரலோடு பாறையில் ஏறினார். வழுக்கி விழுந்து முழங்கை கிழிந்துவிட்டது.

"சென்சார் நல்லாத்தாம்லே இருக்கு" என்று போனில் சொன்னார்.

அதன்பிறகுதான் நிரலைப் பார்த்தேன். முதல் பெட்டியில் இருந்தது மழைமானி; அதன் எண்ணைத்தான் நீர்மட்டம் என்று எடுத்திருக்கிறது. நேற்று வரிசையை மாற்றியதும் நான்தான்.

அந்த வரியை அழித்து, எல்லாப் பெட்டிகளிடமும் 'ஆபத்தா?' என்றே கேட்கவைத்தேன். சங்கு ஊதியது. சொல்லாமலே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, தப்பு நான் எழுதுன கோடுலதான்."



"அப்போ நான் எதுக்குலே பாறைல ஏறுனேன்?"