மாதேஷ் முகவரிக்கு இனி எழுதாதே

அன்புள்ள மகள் யுவஸ்ரீக்கு அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த நெதர்லாந்துக் குளிரில் குறையில்லாமல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன்னால் நம் ஒர்க்‌ஷாப் ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, கம்ப்யூட்டரில் பில் போடும் ரூபா, லேத் ஓட்டும் ஆஞ்சப்பன், இந்த நாலு பேர்தான். யார் யார் இருந்தார்கள் என்று நாளைக்கு நீ கேட்பாய், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். அன்றைக்கு உன் தம்பி மாதேஷின் மெயில் பெட்டியை சர்வரிலிருந்து அழித்துவிட்டோம். இதைக் கையால் எழுதித் தபாலில் போடுகிறேன், போனில் வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய்.

ஏன் அழித்தோம் என்றால் இடமில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு என்று சர்வரில் வாங்கிய இடம் கொஞ்சம்தான், அதில் ஆர்டர் பெட்டி, கணக்குப் பெட்டி, மாதேஷ் பெட்டி மூன்றுக்கும் பங்கு. போன மாதம் பிராக்கெட் ஆர்டர் மெயில் உள்ளே வர இடமில்லாமல் அனுப்பினவர்களுக்கே திரும்பிப் போயிருக்கிறது, நாங்கள் அவர்கள்தான் மறந்துவிட்டார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். அந்தக் கம்பெனி பர்ச்சேஸ்காரர் அப்பாவுக்குப் போன் போட்டு, என்ன சார், ஷெட்டை மூடிட்டு மாந்தோப்பு குத்தகைக்குப் போயிட்டீங்களா என்று சிரித்தாராம். ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது, அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு எந்த மெயில் பெரிசு என்று அளவுப்படி அடுக்கிப் பார்த்தேன். பெரிசெல்லாம் மாதேஷ் பெட்டியில், எல்லாம் நீ அனுப்பியது. செத்துப்போனவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல்.

பேக்கப் எடுக்கும்போது படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், படித்தேன், வீடியோவும் பார்த்தேன். குழந்தை குப்புற விழுந்தது, பல் முளைத்தது, சுவரைப் பிடித்து நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. மாதேஷ் மாமாவுக்கு டாட்டா சொல்லு என்று நீ சொல்கிறாய், அவன் கை ஆட்டுகிறான். எனக்கு வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாய், எல்லாரும் நலம் என்று இரண்டு வார்த்தை, பொங்கலுக்கு எவளோ வரைந்த பானைப் படம். பேரன் நடந்ததை அவன் அம்மாயி சர்வரில் இடம் தேடப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது, நல்லா இருக்கு கண்ணு. வருஷத் திதிக்கு வர லீவு இல்லை என்றாய், அந்த வாரமும் அவனுக்கு மெயில் போட நேரம் இருந்திருக்கிறது. போனவன் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நாங்கள் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம், நீ வாராவாரம் பின்னாலிருந்து கூப்பிடுகிறாய். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று சின்னதிலேயே உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். அவன் போய்ச் சேர்ந்த அன்றைக்கும் கூப்பிட்டவள் நீதான். பெங்களூர் ஏர்போர்ட் வாசலில் டாக்ஸி வரிசையாக நிற்கும், உனக்குத் தம்பிதான் வந்து நிற்க வேண்டும். அவனும் விடியும் முன்னே வண்டியை எடுத்தான், பக்கத்திலிருக்கிற அத்திப்பள்ளியைக்கூட உயிரோடு தாண்டவில்லை. இதை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை. எனக்கு எழுதாமல் அவனுக்கு ஏன் எழுதுகிறாய் என்று யோசித்தேன், நான் சொல்லாமலே உனக்குக் கேட்டுவிட்டது என்று புரிந்தது, இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது.

ரூபா அழிக்கிற பட்டனில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டாள், பாவம் பெரியம்மா அந்த அக்கா என்றாள். உனக்குச் சம்பளம் கொடுக்கிறது எந்த அக்கா என்று கேட்டேன், எழுந்துகொண்டாள். அப்பா இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே என்றார், இருந்தவரைக்கும் போன ஆர்டர் போதும், நீங்கள் மெஷினைப் பாருங்கள் என்றேன். ஆஞ்சப்பன்தான் அழுதான், அவனும் மாதேஷும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பட்டனை நான்தான் தட்டினேன். எதுவும் தொலையவில்லை, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன், குழந்தை கை ஆட்டினான், அதற்கப்புறம்தான் தட்டினேன். டிஸ்க் சாமி மாடத்தில் இருக்கிறது, எனக்குப் பேரன் அதில்தான் இருக்கிறான். இனி அந்த முகவரிக்கு நீ என்ன அனுப்பினாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உனக்கே திரும்பி வரும். நான் சொன்னால் நம்ப மாட்டாய், அதையாவது நம்பு.

பனியில் எடுத்த வீடியோவில் குழந்தைக்குக் காது திறந்திருக்கிறது, குல்லாயை இழுத்துவிடு, கஷாயம் காய்ச்சத் தெரியவில்லை என்றால் கேள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன் முகத்துக்கு நேரே பேசுகிறவனாக வளர வேண்டும், தினமும் விளக்கேற்றி அதைத்தான் வேண்டுகிறேன். கணக்குப் பெட்டி என் பெயரில்தான் இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருக்கிறது, இப்போது அதில் இடமும் நிறைய இருக்கிறது. திட்டுவதாக இருந்தாலும் அதில் திட்டு. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்ப்பேன், சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
சம்பங்கி ராமப்பன், ஓசூர்